கையை எடுக்காதீங்க, டாக்டர்!

“என் மேஜையில் இதுவரை ஒருவர்கூட இறந்ததில்லை!”

கத்தினார் சர்ஜன்.

“அப்படியே எழுதுப்பா! எழுத்தெல்லாம் தங்க நிறம்! தெருமுனையில நின்னாலும் கண்ணைக் குத்தணும்!”

மறுமுனையில் போர்டு எழுதுகிறவர். போனைச் சர்ஜனின் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தவள் சிஸ்டர். சர்ஜனின் வலது கையில் கத்தி. இடது கை...

ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்!

சும்மா சொல்லக்கூடாது. மகா கெட்டிக்காரர். கண்ணைக் கட்டிவிட்டாலும் குடல்வாலை உருவி எடுத்து, தையல் போட்டு, தையல் மேல் பூவேலையும் செய்து அனுப்புவார். ஊரில் அவருக்குப் பெயரே ‘தங்கக்கை’. எமன் அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டிவிட்டு, “மன்னிக்கணும், அட்ரஸ் மாறிப்போச்சு” என்று திரும்பிப் போவதாகப் பேச்சு.

நம்பாத ஒரே ஆள், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டர்.

“சார்... போனை அப்புறம் பேசலாமே?”

“நீ தூங்க வைம்மா, போதும். எனக்குப் பாடம் எடுக்காத! ... உன்னைச் சொல்லலப்பா. தங்க நிறம்னா மஞ்சள் இல்ல! தங்...”

சர்ரக்!

ரத்தம் கூரையைத் தொட்டது.

சரி... விளக்கைத் தொட்டது. அதுவே அதிகமில்லையா?

“சார்! ரத்தக்குழாய்!”

“தெரியுது! பஞ்சு! கிளாம்ப்! சிஸ்டர், போனைத் தூக்கிப் போடு!”

மயக்க டாக்டர் ரத்தம் ஏற்றினாள். மருந்து ஏற்றினாள். நெஞ்சின்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள், விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கும் வரை.

மானிட்டர் ஒரே கோடாக இழுத்தது.

பீ...............ப்!

பித்தப்பையில் ஒரு கல். அதை எடுக்க நடந்தே வந்தவள். மயக்க ஊசிக்கு முன், “டாக்டர், நான் குறட்டை விட்டா என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணி வெச்சிருக்கேன்” என்று சிரித்தவள்.

போய்விட்டாள்.

“சரி” என்றார் தங்கக்கை, கையுறையைக் கழற்றாமலே. “வயித்தை மூடு. மானிட்டர் வயரைக் கழட்டு. ஐ.சி.யூ.வுக்குத் தள்ளு.”

அவர் மேஜையில் யாரும் சாகாத ரகசியம் இதுதான்!

மேஜையில் உயிர் போனால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். பிரேதப் பரிசோதனை, விசாரணை, சர்ஜன் கூண்டில்! ஐ.சி.யூ.வில் போனால்? “எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்.” ஒரு பெருமூச்சு. தோளில் ஒரு தட்டு. கதை முடிந்தது.

ஆகவே, யார் செத்தாலும் வாய்க்குழாயில் பலூன்பையை மாட்டி, அமுக்கி அமுக்கி, நெஞ்சை ஏற்றி இறக்கி, சொந்தக்காரர்கள் கண்முன்னாலேயே தள்ளிக்கொண்டு போவார்கள். பிணத்துக்கு மூச்சு!

அமுக்குகிறவள், மயக்க டாக்டர்.

“இந்தத் தடவை மாட்டேன் சார்.”

“என்னது?”

“இங்கயே இறந்துட்டாங்கன்னு சொல்லிடுவோம். சட்டம் அதான். நாம படிச்சது அதுக்குத்தான்.”

“படிச்சது அதுக்கா?” தங்கக்கை சிரித்தார். “போன தடவை அமுக்கினப்போ எந்தப் படிப்பு படிச்சிருந்தே? அதுக்கு முந்தின தடவை? நான் உள்ள போனா உன்னையும் துணைக்குக் கூட்டிட்டுதாம்மா போவேன். தனியாப் போய்ப் பழக்கமில்ல எனக்கு!”

சிஸ்டர் பலூன்பையை மயக்க டாக்டரின் கையில் திணித்தாள். “அமுக்குங்க டாக்டர்” என்று காதில் கெஞ்சினாள். “நமக்கு எதுக்கு ஊர் வம்பு?”

அமுக்கினாள்.

கதவு திறந்தது.

வெளியே, நாற்காலியில் உட்காராமல் நாற்காலியையே பிடித்துக்கொண்டு நின்றார் கணவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பதறுகிறவர்களை நிதானப்படுத்தியே பிழைப்பு நடத்துகிறவர். இப்போது அவரே பதறிப்போய் முன்னால் வந்தார்.

“என்னாச்சு? ஏன் எல்லாரும் ஓடி வர்றீங்க?”

“கொஞ்சம் சிக்கல்” என்றார் தங்கக்கை. “ஐ.சி.யூ.வுக்குப் போறோம். பாருங்க, மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

கணவர் டிராலியோடு ஓடினார். மனைவியின் காதருகே குனிந்தார்.

“ஏய்... நான்தான். பதறாத. கிளட்ச்சை விடற மாதிரி, மெதுவா... மெதுவா மூச்சு விடு. நான் பக்கத்துலயே இருக்கேன்ல?”

மயக்க டாக்டரின் கை அமுக்கியது.

நெஞ்சு ஏறியது!

கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“டாக்டர்! கேக்குது அவளுக்கு! நான் சொன்னதும் மூச்சு விடறா! பாத்தீங்களா? ... அப்படித்தான்மா. இன்னொண்ணு விடு பாப்போம்!”

இன்னொன்று அமுக்க வேண்டும்.

மயக்க டாக்டரால் முடியவில்லை.

“கையை எடுக்காத!” பல்லைக் கடித்தார் தங்கக்கை.

எடுத்துவிட்டாள்.

நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை.

“டாக்டர், ஏன் நிறுத்திட்டீங்க? அமுக்குங்க!” என்று கத்தினார் கணவர்.

“மன்னிச்சிடுங்க...” அவள் குரல் உடைந்தது. “அவங்க உள்ளயே போயிட்டாங்க. மேஜையிலேயே. இது என் கைதாங்க. மூச்சு இல்ல.”

கணவர் போட்ட அலறலில் மாடி ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன. யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பை முதலில் வந்தது. அவர் பின்னால் வந்தார். வயிற்றின் வலப்பக்கத்தை ஒரு கை தாங்கியிருந்தது. வாயில் ஏதோ மாத்திரை.

மயக்க டாக்டர் ஒன்று விடாமல் சொன்னாள். போன், போர்டு, கத்தி, பலூன்பை. சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது. முடிந்தது! தங்கக்கையின் ஆட்டம் முடிந்தது!

“நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?”

தங்கக்கை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நிதானமாக.

“என் மேஜையில யாரும் சாகல இன்ஸ்பெக்டர். ரத்தக்குழாய்ல காயம் பட்டுச்சு, கட்டினேன். ரத்தம் ஏத்தறதுக்கு ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினேன். போற வழியில இந்தம்மா பலூனை விட்டுட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியல.”

“பொய்! சிஸ்டர், நீங்க சொல்லுங்க!”

சிஸ்டர் தரையைப் பார்த்தாள்.

“நாடித்துடிப்பு... இருந்துச்சு சார்.”

“சிஸ்டர்!”

இன்ஸ்பெக்டர் கணவரிடம் திரும்பினார். “நீங்க என்ன பாத்தீங்க?”

அழுது அழுது வீங்கிய கண்கள் மயக்க டாக்டரைச் சுட்டன.

“மூச்சு விட்டா சார். நான் பேசப் பேச மூச்சு விட்டா. இந்தக் கண்ணால பாத்தேன். இந்தப் பொம்பள கையை எடுத்துச்சு... நின்னுபோச்சு.”

“ஐயா, அது நான்தான்... என் கை...”

“பேசாத! அவ கேட்டுக்கிட்டு இருந்தா!”

மயக்க டாக்டர் தடுமாறினாள். “பிரேதப் பரிசோதனை பண்ணுங்க சார்!”

“தாராளமா” என்றார் தங்கக்கை. “காயம் இருக்கும். நானே சொல்லிட்டேனே? உயிர் கதவுக்கு அந்தப் பக்கம் போச்சா, இந்தப் பக்கம் போச்சான்னு எந்தப் பரிசோதனையும் சொல்லாது. மானிட்டர் வயரைக் கழட்டினது யாரு? இவங்கதான். கேளுங்க.”

“இவர்தான் கழட்டச் சொன்னாரு! எப்பவுமே இப்படித்தான் சார்! முன்னாடியும் பிணத்தைத்தான் தள்ளிட்டுப் போனோம்!”

“அப்படியா?” இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. “முன்னாடியெல்லாம் அமுக்கினது யாரு?”

மயக்க டாக்டர் தலை குனிந்தாள்.

“...நான்தான்.”

“ஓஹோ. அப்போ கொலை ஒண்ணு மட்டும் இல்ல!”

ஜீப் கிளம்பியது. இரண்டு பெண் போலீஸ்களுக்கு நடுவே மயக்க டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் ஏணி போட்டு, புதுப் போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தங்க நிறம். மஞ்சள் இல்லை.

முன் சீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா... அந்த ஆளு மேஜையில ஒருத்தர்கூட சாகலைங்கறாரே. நிஜமா?”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் இன்னும் தாமாகவே மூடி மூடித் திறந்தன.

கூட வேலை பார்த்தவளே சாட்சி மாற்றிவிட்டாள். செத்தவளின் கணவரே இவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டார். இனி யாரிடம் எதைச் சொல்ல?

“நிஜம்தான் சார்” என்றாள். “எனக்கு ஒருத்திக்குத்தான் சந்தேகம் இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் தீர்ந்துபோச்சு. அவர் மேஜையில யாரும் சாகல.”

“அப்பாடா!” இன்ஸ்பெக்டர் வயிற்றின் வலப்பக்கத்தை ஆசையாகத் தடவிக்கொண்டார்.

“எனக்கும் பித்தப்பையில கல்லுதாம்மா. எங்க காட்டறதுன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்கே அவர் மேஜையில படுத்துடறேன்!”