நிற்கத் தெரியாத குடம்

"மனுஷன் இதுவரைக்கும் செஞ்ச பொருள்லயே குறையே இல்லாதது பித்தளைக் குடம்தான். இனிமே அதுல திருத்தறதுக்கு ஒண்ணும் கிடையாது."

இதைச் சொன்னவன் எட்மண்ட். ஏழாம் வகுப்பு. சொன்ன இடம் சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவின் குழாயடி. எட்மண்டின் மாமா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருள்களைப் பற்றியும் எட்மண்டுக்குத் தெரியும். மாமா அங்கே சம்பளக் கணக்கு எழுதுகிறவர் என்பதை அவன் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அவன் இதை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்துச் சொன்னான். அந்தக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜஹானாரா. ஐந்தாம் வகுப்பு.

எழுபதுகளில் அந்தத் தெருவுக்கு பிளாஸ்டிக் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. முதலில் சோப்பு டப்பா வந்தது. பிறகு குவளை. அப்புறம் வாளி. குடம் குழாயடிக்கு வந்தது அன்றுதான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜஹானாராவின் அத்தா ஹாஜா மைதீன். தாம்பரம் மார்க்கெட்டில் அவருக்குப் பாத்திரக் கடை. முந்தின நாள் மாலை அவர் குடத்தைக் கூடத்தின் நடுவில் வைத்து, மாப்பிள்ளையை அறிமுகம் செய்வதுபோல் பேசினார்.

"பித்தளைக் குடத்துல பாதி கனம் குடத்தோடது. இதுல எல்லாக் கனமும் தண்ணியோடது. கழுத்தைப் பாத்தியா, கைக்கு வாட்டமா மடிச்சிருக்கான். கீழ விழுந்தா நசுங்காது. புளி போட்டுத் தேய்க்க வேணாம். இதைச் செஞ்சவன் எல்லாத்தையும் யோசிச்சிருக்கான்மா."

குடம் வாங்கிய காரணம் வேறு. ஜஹானாராவுக்குத் தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா ஹஃபீசா கனமான எதையும் தூக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தாவோ முதல் ரயிலில் பாரிமுனைக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுவார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கலாம், துவைக்கலாம். குடித்தால் முகம் கோணும். அத்தனை உப்பு. ஆகவே குழாயடிக்குப் போகிற வேலை ஜஹானாராவுக்கு வந்தது. அம்மாவின் பித்தளைக் குடத்தை அவள் ஒரு முறை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். குடம் ஒரு பக்கம் போனது. அவள் ஒரு பக்கம் போனாள்.

எல்லாவற்றையும் யோசித்து அந்தக் குடத்தைச் செய்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர் ஏரிக்கரைத் தெருக் குழாயடிக்கு வந்ததே இல்லை.

அங்கே வரிசையில் ஆள் நிற்பதில்லை. குடம் நிற்கும். விடியும்போதே குடத்தை வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்ப்பார்கள், அடுப்பு பற்றவைப்பார்கள். குழாய் இருமுகிற சத்தம் கேட்டதும் ஓடிவந்து அவரவர் குடத்துக்குப் பின்னால் நிற்பார்கள். குடம் இருக்கிற இடம்தான் ஆள் இருக்கிற இடம். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வந்தவர் முதல் வீட்டுக் கிளியம்மாள். அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து பிடுங்க யாரும் துணியவும் இல்லை.

ஜஹானாரா எட்மண்டின் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் சிவப்புக் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது எல்லாக் குடங்களும் இருந்தன. அவளுடையது இல்லை. ஆடி மாதக் காற்று ஏரியைத் தாண்டி வந்து, அதை மட்டும் தூக்கிக் காட்டாமணக்கு வேலியில் செருகியிருந்தது.

"இன்னா பாப்பா, உன் கொடம் எங்க கீது?" என்றார் கிளியம்மாள்.

"இங்கதான் வெச்சேன் கிளியக்கா. காத்து தள்ளிடுச்சு."

"காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது. கொடம் நிக்கலைன்னா ஆளு நிக்கல. கடைசிக்குப் போ."

கடைசி ஆளுக்கு முன்பே குழாய் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு சொம்பு வாங்கி அன்றைய பொழுதை ஓட்டினார்கள்.

"இப்படியே போனா நானே குழாயடிக்கு வரேன்," என்றாள் அம்மா.

அம்மா சொன்னால் செய்கிறவள்.

மறுநாள் குடத்துக்குள் ஒரு கல்லைப் போட்டு வைத்தாள். குடம் அசையவில்லை. கிளியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அய்ய, இந்தக் கல்லா? இது மேலதான் தெனம் கறுப்பன் படுத்துகினு கெடக்கும்."

கறுப்பன் தெரு நாய். சொறி இருந்தாலும் நல்ல நாய்தான். ஆனாலும் அதன் படுக்கை கிடந்த குடத்தில் தம்பிக்குத் தண்ணீர் பிடிக்க முடியுமா? குடத்தைத் தேய்த்துக் கழுவி எடுத்து வருவதற்குள் அவளுடைய முறை போய்விட்டது. கடைசியில் நின்று அரைக் குடம் பிடித்தாள்.

அதற்கு அடுத்த நாள் கயிற்றோடு போனாள்.

"எட்மண்ட் அண்ணா, என் குடத்தை உங்க குடத்தோட கட்டிக்கட்டுமா?"

"என்னுது குடம். முளைக்குச்சி இல்ல," என்றான் எட்மண்ட்.

வேறு வழியில்லாமல் ஒரு செங்கல்லில் கட்டினாள். காற்று அடித்ததும் குடம் ஆட்டுக்குட்டிபோல் செங்கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடியது. முன்னால் இருந்த குடத்தை இடித்தது. பின்னால் இருந்த குடத்தையும் இடித்தது. மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"அதுக்குப் புல்லு போட்டியா?" என்று கேட்டான் எட்மண்ட், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்றும் அரைக் குடம்தான்.

அம்மா அதைப் பார்த்தாள். "நாளைக்கு நான் வரேன். பேசாத."

அன்று மாலை கொல்லைப்புறத்தில் தம்பியின் துணிகளை அலசிவிட்டு, ஜஹானாரா துவைக்கிற கல்லின்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கல்லின்மேல் இரண்டு பிளாஸ்டிக் குவளைகள். காற்று வந்தது. ஒரு குவளை உருண்டு கிணற்றுப் பக்கம் ஓடியது. அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

திரும்பி வந்தால், இன்னொரு குவளை வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே கடை, ஒரே அளவு. இதற்கு மட்டும் என்ன பிடிவாதம்?

உள்ளே பார்த்தாள். அலசி மிச்சமான கொஞ்சம் தண்ணீர்.

ஜஹானாரா சிவப்புக் குடத்தைத் தூக்கி வந்தாள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றினாள். கொல்லையின் நடுவில் வைத்துவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தாள். தேவைப்படும்போது காற்று வருமா? வரவில்லை. வெகுநேரம் கழித்து, கொடியில் கிடந்த அத்தாவின் சட்டை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடியது. குடம் லேசாகத் தலையை அசைத்தது. நின்றது.

"அம்மா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு நீங்க வர வேணாம்."

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அவ்வளவுதான்," என்று பதில் வந்தது.

காலையில் எட்மண்ட் அவளுடைய குடத்தின் பக்கம் காதைச் சாய்த்தான்.

"உள்ள என்ன தளும்புது?"

"தண்ணி."

எட்மண்ட் சிரித்தான். நின்றுகொண்டு சிரித்தான், பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கிளியக்கா, இங்க பாருங்க. தண்ணி எடுக்க வர்றவ தண்ணி எடுத்துட்டு வந்திருக்கா. ஏன் ஜஹானாரா, உப்பு வாங்கக் கடைக்குப் போனா கையோட உப்பு கொண்டுபோவியா?"

கிளியம்மாள் குடத்தைப் பார்த்தார். காற்று சுழன்று அடித்தது. குடம் நின்றது.

"நிக்குதில்ல? அப்புறம் இன்னா உனக்கு? நீ உன் கொடத்தைப் பாரு தொரை."

எட்மண்டின் முறை வந்தது. குடம் நிறைந்தது. உடனே அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். "பிளேன் போகுது," என்றான்.

மீனம்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் பிளேன்களுக்குக் குறைவில்லை. தினமும் குடம் நிறைந்ததும் எட்மண்ட் பிளேன் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது பெரியவர்கள் பொறுக்க முடியாமல் குடத்தை அவன் தோளில் ஏற்றிவிடுவார்கள். அன்று யாரும் வரவில்லை. ஜஹானாரா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் வானத்தில் இல்லை. யார் கை வரும் என்று ஓரமாகத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் குடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"நானே தூக்கியிருப்பேன். பிளேன் பாத்துட்டு இருந்தேன்," என்றான் எட்மண்ட்.

"தெரியும்ணா."

பிறகு அவள் தன் குடத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைச் சுழற்றிக் கீழே ஊற்றினாள். குடம் கழுவினதும் ஆயிற்று. கழுத்துவரை நல்ல தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மா வாசலில் செருப்புப் போட்டுத் தயாராக நின்றிருந்தாள். குடத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு எட்மண்ட் தினமும் சிரித்தான். "தண்ணிக்குத் தண்ணி" என்று அவளுக்குப் பட்டமும் வைத்தான். ஜஹானாரா தினமும் அவன் குடத்தைத் தூக்கிவிட்டாள்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். அத்தா அன்று பாரிமுனைக்குப் போகாமல் குழாயடிக்குப் போனார். எட்மண்ட் பிளேன் பார்த்து முடித்தும் கை ஒன்றும் வராததால், தானே தூக்கினான். குடம் நழுவி அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது.

குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது குறையே இல்லாத பொருள் என்பது உறுதியானது.

அடுத்த வாரம் முழுதும் எட்மண்ட் வரவில்லை. அவனுடைய அம்மா ரத்தினபாய் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில் தானே வந்து தண்ணீர் பிடித்துப் போனார்.

பிறகு ஒரு காலை, எட்மண்ட் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டி வந்தான். கையில் ஏதோ துண்டு போட்டு மூடியிருந்தது. அதை ஜஹானாராவின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காற்று வந்து துண்டை எடுத்துக்கொண்டு போனது. கீழே நீல நிற பிளாஸ்டிக் குடம். அது லேசாகத் தலையை அசைத்து, 'தளக்' என்று ஒரு சத்தம் போட்டு, நின்றது.

ஜஹானாரா குடத்தைப் பார்த்தாள். எட்மண்டைப் பார்த்தாள். எட்மண்ட் இன்னும் ஏரியையே பார்த்தான். ஏரியில் அப்போது தண்ணீர் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லை.

அவள் தண்ணீர் பிடித்து நகர்ந்தாள். இப்போது எட்மண்டின் முறை. குடத்தைக் கவிழ்த்தால்தான் பிடிக்க முடியும். கவிழ்த்தால் தெருவே பார்க்கும். கிளியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நேர் எதிரே நின்றார். எட்மண்ட் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். காது சிவந்துவிட்டது.

ஜஹானாரா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அதோ பிளேன்."

கிளியம்மாள் அண்ணாந்து பார்த்தார். வரிசையில் இருந்த எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே சளசளவென்று ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க பாப்பா? ஒரு காக்காகூடக் காணோமே?" என்றார் கிளியம்மாள்.

"போயிடுச்சு கிளியக்கா," என்று சொல்லிவிட்டு, ஜஹானாரா குடத்தை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.