இரண்டு பூட்டு அலமாரி

1956-ஆம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஐந்து பேர் உத்தனப்பள்ளியில் இறங்கினார்கள். ஐந்து பேரும் ஒரே வங்கியில் வேலை பார்ப்பவர்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது ஓர் ஊருக்குப் போய்ச் சம்பளம் வாங்காமல் உழைப்பது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அந்த மாதம் உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தின் முறை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரில் விழுந்ததைவிட அவர்கள் வேட்டியில் விழுந்ததே அதிகம். காசாளர் ஐசக் மட்டும் கெட்டிக்காரர். தன் கையாலேயே ஒரு மர அலமாரி செய்து, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதில் வைக்க நாற்பது கதைப் புத்தகங்களும் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் சுண்ணாம்போடு போராடிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்பு நாகம்மா ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். கதையில் ஒரு யானைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுகிறது. ஊரே கூடி நிற்கிறது. சரியாக அந்த இடத்தில் சாயங்கால பஸ் வந்துவிட்டது.

ஐசக் அவசரமாக நாகம்மாவின் கையிலிருந்த புத்தகத்தையும் வாங்கி அலமாரியில் அடுக்கினார். அலமாரியில் மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. ஒரு சாவியை வெங்கடப்பன் வாத்தியாரிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் வாத்தியார் சாவியைத் திருப்பினார். மேல் பூட்டு திறந்தது. கீழ்ப் பூட்டு அசையவில்லை.

"அட, இது என்னா கூத்து!" என்றார் அவர். "பேங்குப் பெட்டிக்கு ரெண்டு சாவி. ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் தொறக்கும். அந்தப் பழக்கத்துல இதையும் பூட்டிட்டுப் போயிட்டாரே மனுசன்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நாகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் தம்பி திம்மராயன் நாவல் மரத்திலிருந்து விழுந்து, காலில் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மூன்றாம் வகுப்பு. இன்னும் ஒரு மாதம் தரையில் கால் ஊன்றக் கூடாது. அவனிடம் பாதிக் கதையைச் சொல்லி வைத்திருந்தாள்.

"யானைக்குட்டி வெளிய வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"எப்படி?"

"கயிறு கட்டி இழுத்தாங்க."

"யானைய யாராவது கயித்துல தூக்குவாங்களா? அறுந்துடும். நீ பொய் சொல்ற!"

அவன் அழுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். களியைத் தொடவேயில்லை. நாகம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது.

"கொல்லர் ராமப்பன் ஒரே போடுல பூட்டை ஒடைச்சிடுவாரு சார்" என்றார்கள் பள்ளிக்கூடத்தில் பையன்கள்.

"வேணாங்க சார்" என்றாள் நாகம்மா. "அந்த பேங்குக்காரரு தன் கையால செஞ்ச அலமாரி. ஒடைச்சா அவருக்கு மனசு கஷ்டமா இருக்காதா? நான் போய்ச் சாவி கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

அப்பா முனிவேல் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோன நாளில் அவளும் ஓசூருக்குக் கிளம்பினாள். வங்கியில் ஐசக் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதலில் இரண்டு சடை ரிப்பன் மட்டுமே தெரிந்தது.

"யாரும்மா அது?"

"உத்தனப்பள்ளிங்க. சாவிக்கு வந்தேன்."

ஐசக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பத்து நாளாகச் சாவி அங்கேயே இருந்திருக்கிறது.

அவர் சாவியை நீட்டுவதற்குள் பெரிய அதிகாரி கோவிந்தப்பன் எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தூக்கத்தில்கூட விதி பேசுபவர்.

"ரெண்டு சாவியும் ஒரே ஆள்கிட்ட போகக் கூடாது ஐசக். ரூல்னா ரூல்தான். புத்தகம் காணாமப் போனா?"

நாகம்மாவுக்குக் கோபம் வந்தது. "இப்பவும் காணாமத்தாங்க இருக்கு. யாரும் பாக்க முடியலையே!"

ஐசக் சிரிப்பை மறைக்க இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். நாகம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரே ஆள்கிட்ட வேணாங்க. ஒரு சாவி வாத்தியார்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு பிள்ளைங்ககிட்ட. வாரம் ஒருத்தர் வெச்சிக்கிறோம். அப்பவும் ரெண்டு பேர் சேர்ந்தாத்தானுங்களே தொறக்கும்?"

கோவிந்தப்பன் அதில் குற்றம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"சரி. ஆனா சாவி வெச்சிருக்கிறவங்க நேர்ல வரணும். அடுத்தவங்ககிட்ட குடுத்தனுப்பக் கூடாது."

"சரிங்க."

ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். "ரொம்பச் சரியான ஆளு" என்று ஐசக்கிடம் சொன்னார். நாகம்மாவைச் சொன்னாரா, தன்னையே சொன்னாரா என்று ஐசக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை அலமாரி திறந்தது. நாகம்மா புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பிக்கு மீதிக் கதையைப் படித்துக் காட்டினாள். கதையில் ஊரே மண்வெட்டியோடு வந்து, கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டியது. யானைக்குட்டி தானே நடந்து மேலே வந்தது.

"அதான பாத்தேன்!" என்றான் திம்மராயன். இரண்டு உருண்டை களி சாப்பிட்டான்.

அடுத்த வாரம் சாவி யாருக்கு என்று வகுப்பில் பேச்சு வந்தது. நாகம்மா தம்பியின் பெயரைச் சொன்னாள். அவன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை வாத்தியார் கட்டிலருகே வந்து நின்றார்.

"சாவியக் குடு திம்மா. பிள்ளைங்க காத்திட்டு இருக்காங்க."

"குடுத்தனுப்பக் கூடாதுங்க சார். நேர்ல வரணும். ரூல்" என்றான் திம்மராயன்.

வாத்தியார் நாகம்மாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

வெங்கடப்பன் வாத்தியார் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட காலில் இடிக்காமல் அவனை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டார். மரத்திலிருந்து விழுந்து இருபது நாள் கழித்து, அன்றுதான் திம்மராயன் பள்ளிக்கூடம் போனான்.