பெயரில்லாத பொத்தான்

அறுபத்தோரு மணி பதினான்கு நிமிடம்.

திரைவாசிப்பானின் குரல் அதை இரண்டாம் முறையும் அப்படியே சொன்னது. ஹுதா தேடியது நாற்பது நிமிட மார்க்கச் சொற்பொழிவை, பயான் ஒன்றை. பட்டியலில் அதற்கு மேலே, அவள் சேமிக்காத ஒரு கோப்பு இருந்தது. மறுபடியும் அம்புவிசையை அழுத்தினாள். அறுபத்தோரு மணி பதினைந்து நிமிடம் என்றது.

கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

ஹுதாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கணினியில் எதைத் தொட்டாலும் அதன் பெயரைத் திரைவாசிப்பான் சொல்லும், பெயர் என்று ஒன்று இருந்தால். ஒலிக்கோப்புகளைக் கேட்க அவள் வைத்திருந்த பிளேயரைச் செய்தவர்கள் பொத்தான்களுக்குப் படம் மட்டும் வரைந்துவிட்டுப் பெயர் வைக்காமல் விட்டிருந்தார்கள். அண்ணன் வஹாப்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் பார்த்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் தட்டிக் கொடுத்தார். ஒன்று முடிந்ததும் அவள் இடது தோளைத் தட்டுவார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது காக்கா."

கீழக்கரையிலிருந்து வந்த அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் திரைவாசிப்பானை ஓடவிடும் வேகம் அவருக்குப் பிடிபடவே பிடிபடாது. "இது பேசுதா, இல்ல பெட்டிக்குள்ள தேனீ வளக்கிறியா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிளேயரின் புதிய பதிப்பு வந்தது. வஹாப் வைத்த பெயர்கள் எல்லாம் அழிந்தன. பொத்தான், பொத்தான், பொத்தான் என்று மட்டுமே குரல் சொன்னது. கேட்க ஆளில்லை. வஹாப் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்து முப்பத்துநான்கு நாள் ஆகியிருந்தது.

திங்கள் இரவு பத்து மணிக்கு, பயான் கேட்க, குத்துமதிப்பாக மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அது பதிவு செய்யும் பொத்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. அறுபத்தோரு மணி நேரமாக மடிக்கணினி இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இன்று வியாழன். அவர்கள் குடியிருந்த கசார்வாடியில் பட்டறைகளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கே கரண்ட்டும் போயிருந்தது. கீழே பட்டறை லேத்தின் இரைச்சல் இல்லை, தலைக்கு மேல் ஃபேன் சத்தம் இல்லை. லோணாவளா பக்கம் போகும் லோக்கல் ரயில் ஒன்று கடந்து, அதன் அதிர்வு ஜன்னல் கம்பியில் கொஞ்ச நேரம் தங்கி அடங்கியபின், குளியலறைப் பக்கமிருந்து ஈரத் தரையின் வாசனையும் அதற்குள் மெலிதாக வேப்பிலை சோப்பின் வாசனையும் வந்தன. வஹாபின் சோப்பு அது. மிச்சமிருந்த துண்டை அவள் என்றோ எறிந்திருந்தாள்.

ஹெட்ஃபோனை எடுத்தாள். எப்போதும்போல வலது காதில் மட்டும் வைத்தாள். இடது காதை வீட்டுக்காகத் திறந்து வைப்பது சிறுவயதுப் பழக்கம்.

கோப்பைத் திறந்து அங்கங்கே தாவிக் கேட்டாள். அவள் செருப்பு. அவள் இருமல். குக்கர். பக்கத்து வீட்டு மராத்தி சீரியல். எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல் ஒரு தாழ்ந்த முனகல், ஃப்ரிட்ஜ் ஓடுவதுபோல.

இன்று காலைப் பத்தரைக்குத் தாவினாள்.

முனகல் இருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில்.

ஃபோன் அடித்தது. தளேகாவிலிருந்து சித்தி முறை நூர்ஜஹான் சாச்சி.

"பெட்டி கட்டிட்டியா, இல்ல இன்னும் அந்த மெஷினைத்தான் கட்டிக்கிட்டு அழுவுறியா? நாப்பதாம் ஃபாத்திஹா முடிஞ்ச கையோட இங்க வந்துரணும், சொல்லிட்டேன்."

"சாச்சி, வீட்டுல ஏதோ சத்தம் கேக்குது."

"ஒத்தையில கெடந்தா செவுருகூடப் பேசும் புள்ள." சாச்சியின் குரல் தணிந்தது. "இங்க பாரு. நீ ஹெட்ஃபோன் போட்டிருந்த. அவன் விழுந்தது ஒனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. போலீஸ்காரரே அதத்தான சொன்னாரு?"

"ஆமா சாச்சி."

வேகமாகச் சொன்னாள். வேகமாக வைத்தாள்.

வஹாப் இறந்த அன்று அண்ணனுக்கும் அவளுக்கும் சண்டை. துபாயில் வேலை கிடைத்துவிட்டது, உன்னைத் தளேகாவில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார் வஹாப். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குளிக்கப் போனார். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அதைத்தான் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

கோப்பைப் பின்னுக்குத் தள்ளி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒரு இடத்தில் முனகல் மெல்ல ஏறியது. இறங்க இரண்டு நிமிடம் எடுத்தது. இயந்திரம் இப்படி ஓடாது.

வேகத்தைக் கூட்டினாள். நான்கு மடங்கு. எட்டு. பதினாறு. மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். அவள் காது வேகத்துக்குப் பழகியது. முப்பத்திரண்டு. அறுபத்திநான்கு.

முனகல் இழுவையானது. இழுவை குரலானது.

ஹு... தா.

விரல் விசையிலேயே நின்றது.

ஹு... தா.

இரண்டு.

மூன்றாவது வருமுன் நிறுத்த வேண்டும். பதிவையும் நிறுத்த வேண்டும். பிளேயருக்குள் தடவித் தடவிப் போனாள்.

பொத்தான்.

பொத்தான்.

பதிவு.

அந்தப் பொத்தானுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. திரும்பப் போனாள். பொத்தான். முன்னால் வந்தாள். பதிவு.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் போட்டாள். வீடு அமைதியாக இருந்தது. வேப்பிலை வாசனை மிக அருகில். எங்கோ நீர் சொட்டியது.

தரையில் இல்லை. அவள் நாற்காலிக் கையில்.

சொட்டு. சொட்டு.

இடது தோளில் ஒரு கை தட்டியது. சில்லென்ற கை. சட்டை நனைந்தது. திறந்தே இருந்த இடது காதின் ஓரமாக, வழக்கமான வேகத்தில், வழக்கமான அன்போடு:

"இப்பக் கேக்குதா?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"கேக்குது காக்கா," என்றாள். "அன்னைக்கும் கேட்டுச்சு. நீங்க கூப்பிட்ட மூணு தடவையும் கேட்டுச்சு."