கண்ணை மூடாதே, டைட்டஸ்!

மூன்று வயது டைட்டஸ் சேட்டையில் பத்துப் பேருக்குச் சமம். ஆனால் இன்று வடசேரியில் படம் பிடிக்கும் கடையில் அவன் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். அதிலும் ஒரு வம்பு வந்து சேர்ந்தது.

அப்பா சுமத்ராவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். டைட்டஸ் பிறக்கும் முன்பே கப்பல் ஏறியவர், மகன் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள, அங்கிருந்தே பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். டைட்டஸுக்கும் தனியாக ஒன்று வேண்டுமாம். படத்தில் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டுமாம். நாளைத் தபாலில் அவருக்குப் படம் போகாவிட்டால் இந்த வருஷம் கப்பல் ஏற முடியாது.

அம்மா சத்தியபாயின் படமும், பத்து வயது அக்கா தேவகனியின் படமும் ஒரே தடவையில் முடிந்துவிட்டன. டைட்டஸ் மட்டும், எடுக்கிற நேரத்தில் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏலே மக்கா, கண்ணத் தொறந்து இருலே!” என்று கெஞ்சினார் படக்காரர் நாராயணபெருமாள். “படம் விழுகிற கண்ணாடித் தகடு இனி ஒண்ணுதான் இருக்கும்மா. அடுத்த பெட்டி மெட்ராசுல இருந்து வரணும்.”

அம்மா மிட்டாய் காட்டினாள், அதட்டினாள். டைட்டஸ் சிரித்தான். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மாமா, நான் ஒருக்கா உள்ள பாக்கட்டா?” என்று கேட்டாள் தேவகனி.

அவர் கேமராவின் கறுப்புத் துணியைத் தூக்கிக் கொடுத்தார்.

தேவகனி துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் டைட்டஸ் தலைகீழாகத் தொங்கினான்! சட்டையின் நீலம்கூட அப்படியே இருந்தது. மூக்கில் உட்கார்ந்த ஈயை அவன் விரட்டியதும் தெரிந்தது. யாரும் வரையாமல், வெளிச்சமே வரைந்த படம்! இத்தனை பெரிய அதிசயம் இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளா இருக்கிறது?

“மொதல்ல தகடு போடாம ஒருக்கா பாப்போம். எல்லாரும் சத்தம் போடாம இருங்கோ. அசையப்பிடாது,” என்றார் நாராயணபெருமாள்.

கடை அமைதியானது. கண்ணாடியில் இரண்டு குட்டிக் கைகள் மெல்லக் குவிந்தன. கண்கள் மூடின.

தேவகனி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அம்மா, அவன் ஜெபம் பண்ணுகான்! நம்ம வீட்டுல எல்லாரும் சத்தமில்லாம இருந்தா ஜெபந்தானே? கண்ணத் தொறந்தா நீங்க தொடையில நுள்ளுவிய!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆமாட்டி! எனக்குத் தோணவே இல்லியே!”

“மாமா, தகட்டப் போட்டுட்டு ரெடியா இருங்க. நான் ஆமென்னு சொன்ன ஒடனே எடுக்கணும்.”

“அப்படியே ஆகட்டும் மக்கா,” என்று அவர் கேமராவின் மூடியில் கை வைத்தார்.

தேவகனி கேமரா பக்கத்தில் முழங்காலிட்டாள். கடை மறுபடியும் அமைதியானது. டைட்டஸ் கண்ணை மூடினான். அவள் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அது நிஜ ஜெபமாகிவிட்டது.

“ஆண்டவரே, தம்பிக்கு அப்பாவச் சீக்கிரம் காட்டும். ஆமென்.”

டைட்டஸ் படக்கென்று கண்ணைத் திறந்தான். அப்பா எதிரே வந்து நிற்கிறார் என்றே நினைத்தான் போலும். இமைக்காமல் பார்த்தான். நாராயணபெருமாள் மூடியை எடுத்தார், மாட்டினார். தகட்டில் படம் விழுந்தாயிற்று.

சாயங்காலம் படம் கைக்கு வந்தது. எவ்வளவு பெரிய கண்கள்! அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதப் பாத்தா அவியளுக்குச் சோறே எறங்காது,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டைட்டஸ் உதட்டைப் பிதுக்கினான். “அப்பா வரலியே?”

தேவகனி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

“அவிய வரமாட்டாவ மக்கா. நாமதான் போறோம்!”