அடிவரிசையின் விநாடிகள்

உலக அவையின் தூதர்கள் காலை ஒன்பது மணிக்குப் பலகை முன் கூடுவார்கள். தங்கள் நாட்டுக்கு அன்று எத்தனை விநாடி பேச்சு என்று பார்ப்பார்கள். மிதவை நாடான நெய்தலத்துக்கு ஆறு ஆண்டுகளாகப் பதினொன்றுதான். அதன் தூதர் ஜெசிந்தா, வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு இரண்டு வாக்கியம் பேசப் பழகியிருந்தாள்.

அன்று பலகையில் நூற்றெண்பது என்றிருந்தது.

போன வாரம் நெய்தலத்தின் ஆய்வூர்தி நிலவில் இறங்கியிருந்தது. நாடுகளின் சாதனையைத் தரவரிசைப்படுத்தித்தான் அவை விநாடிகளைப் பங்கிடும்; நிலவுக்காகக் கிடைத்த தரவேற்றம் இது. கரைகளைக் கடல் விழுங்கியபின் எஃகு மிதவைகளில் குடியேறிய நான்கு லட்சம் பேர், இந்த எண்ணுக்காக இருபது ஆண்டுகள் உழைத்திருந்தார்கள். திரையழைப்பில் பிரதமர் வில்லவராயர் சொன்னார்: "பெரிய நாடுங்க இனி நம்ம பேச்சையும் கேட்டுத்தானே ஆகணும், ஜெசிந்தா!"

அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அவை நடப்பது தினமும் ஆறு மணி நேரம். அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நேரக் காப்பாளரிடம் போய்க் கேட்டாள்.

"எங்களுக்குக் கூடின விநாடிகள் எங்கிருந்து வந்தன?"

"அடிவரிசையிலிருந்து. பத்தொன்பது நாடுகளுக்கு இன்று சுழியம்."

அந்தப் பட்டியலில் ஓமாலு இருந்தது. ஆறு ஆண்டுகளாக அவள் பக்கத்து இருக்கையில் உட்காரும் தாவேராவின் தீவு. அவர் கையில் ஒரு சிறு தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு என்ன பேச இருந்தீங்க?" அவள் கேட்டதை அவர் காதிலிருந்த மொழியணி பெயர்த்தது.

"எங்க ஊற்றுகள்ல உப்பு ஏறிடுச்சு. இருபது நாளைக்குத்தான் தண்ணீர். யாராவது கப்பல் அனுப்பணும்னு கேட்க இருந்தேன்." தாளைப் பைக்குள் வைத்தார். "வாழ்த்துகள். மனசாரத்தான் சொல்றேன்."

அவள் பிரதமரை மறுபடி அழைத்து, ஓமாலுவுக்காகப் பேசட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "முதல் நாளே அடுத்தவங்களுக்காகக் கெஞ்சினா, நம்மையும் அடிவரிசையில தள்ளிடுவாங்க. நிலவைப் பத்தி மட்டும் பேசு."

மேடையில் அவள் இரண்டரை நிமிடம் நிலவைப் பற்றித்தான் பேசினாள். அவை உன்னிப்பாகக் கேட்டது. கடைசி முப்பது விநாடியில் தன் உரைத் தாளை மடித்து வைத்தாள்.

"நெய்தலம் இன்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் நன்னீர்க் கப்பல் ஒன்று ஓமாலுவுக்கு நான்கு நாள் தொலைவில் நிற்கிறது. அதை அங்கே அனுப்புகிறோம்."

பிறகு, அவளை இதுவரை ஏறிட்டும் பார்த்திராத முன்வரிசைத் தூதர்கள் எழுந்து கைதட்டினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லிலிருந்து இனி நெய்தலம் பின்வாங்க முடியாது.

மாலையில் பிரதமரின் செய்தி வந்தது: "கப்பல் கிளம்பிவிட்டது. நீயும் கிளம்பி வா. உன் இடத்துக்கு வேறு ஆள் வருகிறார்."

முதல் வாக்கியத்தை மட்டும் அவள் தாவேராவுக்குப் படித்துக் காட்டினாள்.