மாடியில் ஓர் அறை காலி!

“ஐயோ...! கதவைத் திறங்க மாமா!”

நளினியின் அலறல் அந்த மாடி அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது.

நந்தகுமார் கதவைப் பூட்டி, சாவியை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவளுடைய அக்கா சந்திரமதியின் கணவன்.

“அரே, எதுக்கு இந்தக் கூப்பாடு? செமஸ்டர் லீவு. பொண்ணுங்க எல்லாம் காலைலயே ஊருக்குக் கிளம்பியாச்சு. வீடே காலி!”

“புதுசா ஒரு பொண்ணு ரூம் பார்க்க வருதுன்னு சொல்லித்தானே என்னை அக்கரை பாம்பூஃப்ளாட்லேர்ந்து வரச் சொன்னீங்க?”

“சொன்னேன். நீயும் அடுத்த ஃபெர்ரியைப் பிடிச்சு ஓடி வந்துட்டே!”

கல்லூரிக்குப் பின்தெருவில் இந்த வீட்டை வாங்கி மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டது நந்தகுமாரின் யோசனை. ஆனால் அவன் மெயின்லேண்ட்காரன். அந்தமானில் அவன் பெயரில் மண் வாங்குவது லேசில்லை. அதனால் தீவிலேயே பிறந்த மனைவியின் பெயரில் வாங்கினான்.

போன மாதம் சந்திரமதி படியில் விழுந்து செத்தாள்.

சாவதற்கு முன்பே வீட்டைத் தங்கைக்கு உயில் எழுதியிருந்தாள்!

“கையெழுத்தைப் போடு.” பத்திரத்தை நீட்டினான். “என் ஃப்ரெண்ட் பேருக்கு மாறட்டும். அவன் தீவுக்காரன், நம்ம ஆளு.”

“போட்டா... விட்டுடுவீங்களா?”

அவன் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே மழையில் வழவழத்துக் கிடந்தது மாடிப்படி.

நளினிக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துக்கு அப்புறம் தனக்கும் அந்தப் படிதான்!

பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது.

சுவர் லேசாக இரண்டு முறை அதிர்ந்ததை முதுகில் உணர்ந்தாள்.

பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

“எங்க அக்கா வழுக்கி விழல! நீங்கதான் தள்ளினீங்க!”

“ஏன் ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறே?”

“சாகப் போறவகிட்ட அதையாவது சொல்லுங்க மாமா!”

“ஆமாடி! நான்தான் தள்ளினேன். வீட்டை உன் பேருக்கு எழுதப் போறேன்னா. எழுதறதுக்குள்ள முடிச்சுடலாம்னு பார்த்தேன். பாவி... முந்திக்கிட்டா!”

“ஹச்ச்...!”

நளினி தும்மவில்லை. நந்தகுமாரும் தும்மவில்லை.

தும்மியது சுவர்!

“யா... யாரு?”

“நாங்கதான் அங்கிள், பக்கத்து ரூம் சௌமியா!” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று வந்தது குரல். “வெளிக்கடல் சரியில்லைன்னு கப்பல் கேன்சல். நாலு பேரும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலேர்ந்து அப்படியே திரும்பிட்டோம். நளினிக்கா அலறினப்பவே போலீசுக்கு போன் போட்டாச்சு. நீங்க இப்ப சொன்னது பூரா ரெக்கார்டிங்ல இருக்கு!”

படியில் பூட்ஸ் சத்தம். கதவு அதிர்ந்தது.

“போலீஸ்! தர்வாஜா கோலோ! கதவைத் திற!”

நந்தகுமாரின் கையிலிருந்து பத்திரம் நழுவியது. பேய் அறைந்தவன் போல் சுவரையே பார்த்தான்.

நளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சுவரை விரலால் தட்டினாள்.

டொக்... டொக்...

“பிளைவுட் அங்கிள்!” என்றாள் சௌமியா. “ஒரு ரூமை ரெண்டாக்கி ரெண்டு வாடகை வாங்கினீங்களே... இங்க ரெண்டு பேர் பேசினா ஆறு பேருக்குக் கேக்கும்!”