புதிதாகச் சேர்த்த மூன்று பட்டை

மாலை பஸ்ஸில் கொடைக்கானல் வந்து இறங்கிய காளியாயி, லூர்துசாமி வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பாச்சலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் அவள் புருஷன் ராமர் லாரி ஓட்டுகிறார்.

"அம்பது மூட்டை காப்பிக்கொட்டைய வழியில வித்துட்டாருன்னு பழி போடுறாங்க. ஸ்டோர்ல ஏத்தவே இல்லைங்க. 'கீழ அய்யம்பாளையம் குடோன்ல எடமில்ல, வெறும் வண்டியாப் போயி உரம் ஏத்திட்டு வா'ன்னு ஸ்டோர்காரருதான் சொன்னாரு. அங்க போனா உரமும் இல்ல. நாளைக்கு மத்தியானம் போலீசு வருதுங்க. உள்ள போனா அவரு மறுபடி ஸ்டேரிங் புடிக்க முடியுமா?"

விபத்தான வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்வது லூர்துசாமியின் தொழில். அவர் அவசரப்பட மாட்டார். அவர் மனைவி அமலி நேர் எதிர். மறுநாள் காலை காளியாயியோடு வாடகை ஜீப்பில் ஏறுவதற்குள் மூன்று பேரைக் குற்றவாளி ஆக்கியிருந்தாள். அதில் ராமரும் ஒருவர்.

தோட்டத்துக்கு ஒரு மைல் முன்னால் ஜீப் சேற்றில் மக்கர் பண்ணியது. அமலி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கு வெளியே அந்த லாரி நின்றது, பக்கத்தில் ராமர். மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, நாலு சக்கரமும் இழுக்கும். பின்புறம் தார்ப்பாய் போட வளைத்த இரும்புக் கம்பிகள்.

முதலாளி சேனாதிபதி பேசுமுன் ஸ்டோர் கீப்பர் ஆரோக்கியதாஸ் முந்திக்கொண்டார்.

"லோடு இல்லாமயா சார் கமான் பட்டை சேர்த்தேன்? அம்பது மூட்டைக்குப் பழசு தாங்காதுன்னு நானே மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் போட வச்சேன். பாருங்க."

பின் அச்சின் மேல் பாரம் தாங்க வில்லாய் வளைந்து அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில், பக்கத்துக்கு மூன்று புதிதாக மின்னின. அமலிக்கு அந்த வாதம் பலமாகத்தான் பட்டது. பாவம் காளியாயி என்று நினைத்தாள்.

"என்னங்க, மேல பாருங்க," என்றாள் திடீரென்று. கேட்டின் வெள்ளை உத்தரத்தில் கறுப்பாக ஒரு கீறல். லாரியின் கம்பி உச்சியில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. "மோசமா ஓட்டி இடிச்சிருக்காரு."

லூர்துசாமி புன்னகைத்தார். "பெயிண்ட் எப்ப அடிச்சது?"

"முந்தாநாள் காலைல," என்றார் சேனாதிபதி. "அப்ப வண்டி உள்ள ஷெட்ல நின்னுச்சு. மத்தியானம் பட்டை போட்டாங்க, சாயங்காலம் மலை எறங்குச்சு. நேத்துத் திரும்பி வந்ததும் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டேன்."

"நல்லது. ராமர், வண்டியை மெதுவா உள்ள விடுங்க."

வெறும் லாரி நகர்ந்தது. கம்பி உத்தரத்தில் கிறீச்சிட்டு உரசியது. லூர்துசாமி அதைப் பின்னால் எடுக்கச் சொல்லி, வேடிக்கை பார்த்த தோட்டத்து ஆட்களை எல்லாம் ஏறச் சொன்னார். சிரிப்பும் கூச்சலுமாக லாரி நிறைந்தது. பின்புறம் அமுங்கியது. இந்த முறை உத்தரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும்.

"புதுப் பட்டை போட்டா வெறும் வண்டி தூக்கி நிக்கும், பாரம் ஏறினாத்தான் தணியும்," என்றார் லூர்துசாமி. "பெயிண்ட் அடிச்ச பிறகு இந்த வண்டி இந்தக் கேட்டைத் தாண்டினது ஒரே தடவை. அப்ப உரசியிருக்கு. அதனால அது வெறும் வண்டி. லோடு ஏத்தினதா நம்ப வைக்க நீங்க பட்டை போட்டீங்க, ஆரோக்கியதாஸ். அதுவே உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சு."

"அப்ப மூட்டை எங்க?" என்றார் சேனாதிபதி.

அமலி கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். "தோட்டத்துக்குள்ளதான். இந்தச் சேத்துல வேற எந்த வண்டி ஏறும்? எங்க ஜீப்பே ஏறல."

ஆரோக்கியதாஸின் கண் தன்னையறியாமல் பழைய ஏலக்காய்க் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியது. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அங்கே சருகுக்கு அடியில் ஐம்பது மூட்டையும் கிடந்தன.

"மன்னிச்சிரு ராமரு," என்றார் சேனாதிபதி தாழ்ந்த குரலில்.

"என்கிட்ட ரகசியமாச் சொல்ல வேண்டாம்ங்க," என்றார் ராமர். "இந்தச் சனத்துக்கு முன்னால திருடன்னீங்க. இவுங்க முன்னாலயே இல்லைன்னு சொல்லிருங்க."

முதலாளி லாரிப் படியில் ஏறி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அமலிக்குக் கண் கலங்கியது. ராமரையும் சந்தேகப்பட்டது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூட்டைகளை ஏற்றி முடித்ததும் காளியாயியும் புருஷன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். லாரி கேட்டை நெருங்கியபோது அவள் தலையை வெளியே நீட்டி, உத்தரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். உரசவில்லை.